விரைவோட்டமும் வானிலையும்

பந்தயம் என்றவுடன் பலர் ஒருங்கே புறப்பட்டு, ஒருவரை ஒருவர் முந்திச் செல்லும் காட்சியே நினைவிற்கு வரும். மோட்டார் சைக்கிள் பந்தயங்களுள் 'ஸ்பிரிண்ட்' எனப்படும் விரைவோட்டம் இதனின்றும் வேறுபட்டது. அதில் வளைவுகள் இல்லை. ஏற்ற இறக்கங்கள் இல்லை. கால் மைல், அதாவது ஏறக்குறைய 402 மீட்டர் நீளமுள்ள நேரான பாதை ஒன்றே உண்டு. ஒருவரோ இருவரோ நின்ற நிலையிலிருந்து புறப்பட்டு, மறுமுனையிலுள்ள கோட்டைக் கடப்பர். எத்தனை நொடிகளில் கடந்தனர் என்பதே கணக்கு. சில இடங்களில் பாதையின் நீளம் ஒரு கிலோமீட்டராக இருக்கும். வேறு சில இடங்களில், ஓட்டுபவர் நெடுந்தொலைவிலிருந்தே விரைந்து வந்து, அளவுகோடுகளுக்கு இடைப்பட்ட ஒரு மைலை எவ்வளவு வேகத்தில் கடக்கிறார் என்பது மட்டும் அளக்கப்படும். எவ்வகையாயினும், பக்கத்தில் ஓடுபவர் இங்கு உண்மையான எதிரி அல்லர். கடிகாரமே எதிரி. அக்கடிகாரத்திற்குத் துணையாக நிற்பது வானிலை.

இப்பந்தயத்தைப் பொருள் ஈட்டும் தொழிலாகக் கொண்டோர் மிகச் சிலரே. பட்டறையிலோ அலுவலகத்திலோ வாரம் முழுதும் உழைத்துவிட்டு, விடுமுறை நாளில் தம் வண்டியை ஏற்றிக்கொண்டு வருபவரே பலர். பிரிட்டனில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பயனற்றுக் கிடந்த விமான ஓடுபாதைகள் இவர்களுக்குக் களமாயின. 1958-இல் அங்குத் தேசிய ஸ்பிரிண்ட் சங்கமும் தோன்றியது. அதற்கு நெடுங்காலம் முன்பே, 1905-இல், பிரைட்டன் நகரின் கடற்கரைச் சாலையாகிய மடீரா டிரைவில் வேகப் போட்டிகள் நடைபெற்றிருக்கின்றன. விமான ஓடுபாதையாயினும் கடற்கரைச் சாலையாயினும், காற்றிற்கும் மழைக்கும் மறைப்பு ஏதும் இல்லாத வெட்டவெளி அது. தொழில்முறைப் பந்தயக்காரர் மழை நாளுக்கென்று தனி டயர்களும் துணையாட்களும் வைத்திருப்பர். பொழுதுபோக்காக ஓடுபவரிடம் இருப்பது ஒரே வண்டி. பல வேளைகளில் அன்று விட்டால் அடுத்த போட்டிக்குச் சில வாரங்கள் காத்திருக்க வேண்டும். ஆகவே, மேகம் கறுக்கும்போது அவர் உள்ளத்தில் எழும் போராட்டம் எளிதன்று.

மழை பெய்தால் என்ன நேரும்? முதலில் புறப்படும் இடத்தைக் காண்போம். வண்டியின் பின்சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ளுவதாலேயே வண்டி முன்னோக்கிச் செல்கிறது. அவ்வாறு தள்ளுவதற்கு டயருக்கும் தரைக்கும் இடையே பிடிப்பு வேண்டும். உலர்ந்த சாலையில் உள்ள பிடிப்பு, நனைந்த சாலையில் ஏறக்குறைய பாதியாகவும் குறைந்துவிடும். எஞ்சின் எத்துணை வலிமையுடையதாயினும், அவ்வலிமை முழுவதும் தரைக்குச் சென்று சேராது. விசையை மிகையாகத் திறந்தால் சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலும்; வண்டியின் பின்புறம் பக்கவாட்டில் விலகும். உலர்ந்த நாளில் கிளட்சைச் சட்டென விடுவித்துப் பாய்பவர், ஈர நாளில் அதனை மெல்ல மெல்ல விடுவிக்க வேண்டும். வலிமை மிக்க வண்டியை உடையவர் தம் வலிமையில் ஒரு பகுதியைத் தாமே அடக்கி வைக்கிறார். அதனால், ஈர நாளில் சிறிய வண்டிக்கும் பெரிய வண்டிக்கும் இடைப்பட்ட வேறுபாடு சுருங்கிப் போவதுண்டு.

நெடுநாள் கழித்துப் பெய்யும் முதல் மழை இன்னும் வஞ்சகமானது. சாலையில் படிந்துள்ள தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் சிறுதூறலுடன் கலந்து வழுவழுப்பான படலமாகிவிடும். பெருமழை பெய்து அதனைக் கழுவிச் சென்றபின் பிடிப்பு ஓரளவு மீளும். ஓடுபாதையில் வண்ணம் பூசிய கோடுகள் ஈரத்தில் கண்ணாடி போல் வழுக்கும். நீர் தேங்கிய இடத்தில் மிகுந்த வேகத்தில் சென்றால், டயர் நீரைப் பிளந்து தரையைத் தொட இயலாது அந்நீரின்மேலேயே மிதந்து செல்வதும் உண்டு. அவ்வேளையில் கைப்பிடியைத் திருப்பினாலும் வண்டி திரும்பாது.

ஆயினும் இவையெல்லாம் ஓட்டத்திற்கு இடையே நேரும் இடர்கள். விரைவோட்டத்தின் பேரிடர் பெரும்பாலும் ஓட்டம் முடிந்த பின்னரே காத்திருக்கிறது. இதனை வேடிக்கை பார்ப்போர் எண்ணிப் பார்ப்பதில்லை. மணிக்கு 100 மைல் வேகத்தில் முடிவுக் கோட்டைக் கடந்தவர், பிறகு தம் வண்டியை நிறுத்தியாக வேண்டும் அல்லவா? நல்ல பிடிப்புள்ள உலர்ந்த தரையில், தடையை முழுத் திறமையுடன் அழுத்தினால், ஏறக்குறைய 130 மீட்டரில் நிறுத்தலாம். பிடிப்புப் பாதியாகிவிட்டால் அத்தொலைவு இருமடங்காகி 260 மீட்டராகிறது. அவ்வளவு இடம் அங்கு இருக்கிறதா என்பதே வினா. மேலும், ஈரத்தில் முன்சக்கரத் தடையைச் சற்று மிகையாக அழுத்தினால் சக்கரம் சுழலாது சறுக்கும். விழுவதற்குக் கண்ணிமைக்கும் நேரம் போதும். இதனாலேயே போட்டி நடத்துவோர், பாதையின் நீளத்தைக் காட்டிலும் அதற்கு அப்பாலுள்ள இடத்தின் நீளத்தையே முதலில் நோக்குவர். மழை வலுத்தால் ஓட்டத்தை நிறுத்திவைப்பர். தார்ப்பாயின் கீழ் வண்டியை மூடிவிட்டு, குடைக்கடியில் தேநீர் அருந்தியபடி வானத்தைப் பார்த்திருப்பதும் இவ்விளையாட்டின் ஒரு பகுதியே. நூறு மைல் கடந்து வந்து, கட்டணமும் செலுத்திவிட்டு, ஓடாமலே திரும்பிச் செல்பவர் உண்டு. அவரைக் கோழை என்று உடன் வந்த எவரும் சொல்வதில்லை.

இதுவரை கூறியவற்றைக் கொண்டு நோக்கினால் நீர் என்பது வேகத்தின் பகை என்றே தோன்றும். ஆனால், நீரே பாதையை அமைத்துத் தரும் இடங்களும் உலகில் உள்ளன. அத்தகைய இரண்டு இடங்களில் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவரின் வரலாறு இங்குக் கூறத்தக்கது.

நியூசிலாந்து நாட்டின் தென்தீவில், தென்கோடியில், இன்வர்கார்கில் என்னும் நகரம் உள்ளது. அங்கு 1899-இல் பிறந்தவர் பர்ட் மன்றோ. உழவர் குடும்பத்தில் வளர்ந்த அவர், மோட்டார் சைக்கிள் விற்பவராகவும் பழுது பார்ப்பவராகவும் தொழில் புரிந்தார். 1920-இல் அவர் ஒரு புதிய மோட்டார் சைக்கிளை வாங்கினார். அதன் பெயர் 'இந்தியன் ஸ்கவுட்'. பெயரைக் கண்டு அது நம் நாட்டில் செய்யப்பட்டது என மயங்க வேண்டா. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து ஸ்பிரிங்பீல்டு நகரில் செய்யப்பட்டது அது. அவ்வண்டி கடையிலிருந்து வந்தபோது அதன் மிகுந்த வேகம் மணிக்கு 55 மைலே. இன்று சாதாரணத் தெருவில் செல்லும் வண்டிகளும் அதனினும் விரைவாகச் செல்லும். மன்றோ அதனை விற்றுவிட்டு வேறொன்று வாங்கவில்லை. அதனையே திருத்தத் தொடங்கினார். தம் வாழ்நாள் முழுதும் திருத்திக்கொண்டே இருந்தார்.

செல்வர் அல்லர் அவர். பகலில் தொழில், இரவில் தம் கொட்டகையில் வண்டி வேலை. பழைய தகர டப்பாக்களை வார்ப்பு அச்சாகக் கொண்டு, உலோகத்தை உருக்கி ஊற்றித் தாமே பிஸ்டன்களை வார்த்தார். பழைய டிராக்டர் ஒன்றின் அச்சுத்தண்டை அறுத்தும் அராவியும் இணைப்புத் தண்டுகளைச் செய்தார். ஒரு பிஸ்டன் வெடித்தால் மற்றொன்று. அதுவும் உருகினால் வேறொன்று. இவ்வாறு சிதைந்துபோன உறுப்புகளை எறிந்துவிடாமல் தம் கொட்டகைச் சுவரிலுள்ள தட்டுகளில் அடுக்கி வைத்து, 'வேகக் கடவுளுக்குக் காணிக்கை' என்று பொருள்படும் சொற்களை அங்கு எழுதி வைத்தார். அவர் தம் தோல்விகளை மறைத்தவர் அல்லர் என்பதற்கு அத்தட்டுகளே சான்று. 600 கன சென்டிமீட்டராக இருந்த எஞ்சின், அவர் கையில் ஆண்டுதோறும் வளர்ந்து 950 கன சென்டிமீட்டர் அளவை எட்டியது.

திருத்திய வண்டியை ஓட்டிப் பார்க்க இடம் வேண்டுமே! இன்வர்கார்கிலுக்கு மேற்கே ஏறக்குறைய 10 கிலோமீட்டரில் ஒரெட்டி என்னும் கடற்கரை உள்ளது. 26 கிலோமீட்டர் நீளம் கொண்ட அக்கரை ஓர் அகன்ற நெடுஞ்சாலை போன்றது. நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே 46 பாகையில் உள்ள அந்நிலப்பகுதியில், தென்கடலிலிருந்து வரும் குளிர்காற்று தடையின்றி வீசும், மழைக்கும் குறைவில்லை. வேகத்தை விரும்பும் ஒருவர் வாழத் தக்க ஊர் இதுவன்று என்றே வானிலையைக் கண்டவர் கூறுவர். ஆனால், அவ்வூர்க் கடலே அவருக்குப் பாதை போட்டுக் கொடுத்தது.

கடற்கரையில் சிற்றில் கட்டி விளையாடிய சிறுவர் சிறுமியர் அனைவரும் ஓர் உண்மையை அறிவர். உலர்ந்த மணலில் வீடு நிற்காது, சரிந்துவிடும். அலை தொடும் இடத்துச் சேற்று மணலிலும் நிற்காது, குழைந்துவிடும். இரண்டிற்கும் நடுவே, ஈரம் கசிந்த மணலே கைக்கு அடங்கும். மணல் துகள்களுக்கு இடையே உள்ள சிறிதளவு நீர், மெல்லிய பாலம் போல் நின்று, ஒரு துகளை மற்றொன்றுடன் பிணைத்து வைக்கிறது. நீர் அறவே நீங்கினால் அப்பிணைப்பு அற்றுவிடும். நீர் மிகுந்து துகள்களின் இடைவெளி முழுதும் நிரம்பினாலும் பிணைப்பு மறைந்துவிடும். சிற்றில் நிற்கும் மணலே மோட்டார் சைக்கிளையும் தாங்கும். கடல் ஓதம் வற்றும்போது, கரையின் மேற்புறத்து மென்மணலுக்கும் கீழ்ப்புறத்துச் சதுப்பு மணலுக்கும் இடையில், இறுகிய மணற்பட்டை ஒன்று வெளிப்படும். சில மணி நேரம் மட்டுமே அது நிலைக்கும். பிறகு ஓதம் மீண்டும் ஏறி அதனை மூடிவிடும்.

ஆகவே, அக்கரையில் ஓட விரும்பியவர் தம் விருப்பப்படி நேரம் குறிக்க இயலாது. ஓதம் வற்றும் பொழுதும், காற்று அடங்கும் பொழுதும், அவருடைய தொழிலில் ஓய்வு கிடைக்கும் பொழுதும் ஒன்றாக அமைய வேண்டும். அமைந்தாலும் மணல் நேற்றிருந்தது போல் இன்று இராது. காற்று அதன்மேல் சிறு சிறு வரிமேடுகளை எழுப்பியிருக்கும். நிலத்திலிருந்து கடலுக்கு வழியும் சிற்றோடை புதிய பள்ளத்தைப் பறித்திருக்கும். நடந்து செல்பவருக்கு அப்பள்ளம் ஓர் அடி வைக்கும் செய்தி. நூறு மைல் வேகத்தில் வருபவருக்கு அது உயிர்ச் செய்தி. அம்மணலுக்கு அடியில் 'தொஹெரோவா' என்னும் சிப்பியினம் வாழ்கிறது. வண்டிகளின் சக்கரங்கள் அதன் இளங்குஞ்சுகளை நசுக்குகின்றன என்பதைப் பிற்காலத்து ஆய்வாளர் எடுத்துக்காட்டினர். மன்றோவின் காலத்தில் அதனை எண்ணியவர் அரியர்.

அக்கரையிலேயே மன்றோ தம் நாட்டுச் சாதனைகள் சிலவற்றை நிகழ்த்தினார். 1938-இல் தம் முதல் நியூசிலாந்துச் சாதனையைப் பெற்றார். 1957-இல் கடற்கரை ஓட்டத்தில் மணிக்கு 130 மைலுக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டினார். 55 மைல் வண்டி, கடல் வற்றிய மணலில் 130 மைலைக் கடந்தது. எனினும், அதற்கு மேலும் ஓட அவருக்கு அந்நிலம் போதவில்லை.

மற்றோர் இடம் கடல் கடந்து இருந்தது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், கடல் மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 4,200 அடி உயரத்தில், பானவில் உப்புச் சமவெளி பரந்து கிடக்கிறது. பண்டைக் காலத்தில் அங்கிருந்த பேரேரி ஒன்று வற்றிப்போக, அதன் உப்பு எஞ்சி நின்றது. கண்ணுக்கெட்டிய தொலைவு வரை வெண்மையன்றி வேறில்லை. கோடையில் காண்பவர், மழையே அறியாத பாலை என்று அதனை நினைப்பர். உண்மை அதுவன்று. குளிர்காலத்தில் அதன்மேல் ஆழமற்ற நீர் பரவி நிற்கிறது. காற்று அந்நீரை அங்குமிங்கும் தள்ளுகிறது. கோடையில் நீர் ஆவியாகும்போது, கரைந்திருந்த உப்பு மீண்டும் படிந்து மேற்பரப்பைச் சமமாக்குகிறது. முன் ஆண்டு ஓடிய சக்கரங்களின் வடுக்களை ஆற்றி, புதிய தளம் இட்டுத் தருவது குளிர்கால நீரே. ஆனால், அந்நீர் உரிய காலத்தில் விலக வேண்டும். ஆகஸ்டு மாதத்தில் அங்கு நடைபெறும் வேக வாரம், உப்பு நனைந்து கிடந்தமையால் 2014-இலும் 2015-இலும் கைவிடப்பட்டது. வெள்ளத்தால் 2022-இலும் அவ்வாறே ஆயிற்று. ஈரம் மிகுந்த உப்பில் சக்கரம் பிடிப்பின்றிச் சுழலும்; மேலோடு பொருமி உடையும். அவ்வாண்டுகளில் உலகின் பல பகுதிகளிலிருந்து பொருள் செலவிட்டு ஆயத்தமானோர், உப்பின்மேல் நிற்கும் நீரைக் கண்டு அமைதியடைய வேண்டியவராயினர்.

மன்றோ 1962-இல் தம் பழைய இந்தியன் வண்டியைக் கப்பலேற்றி அங்குக் கொண்டு சென்றார். அப்பொழுது அவருக்கு வயது 63. அவ்வாண்டிலேயே தம் வகுப்பில் மணிக்கு 178.97 மைல் என்னும் சாதனையை நிறுவினார். 1966-இல் வேறொரு வகுப்பில் 168.07 மைல். 1967-இல், 68-ஆம் வயதில், 183.586 மைல். அவ்வாண்டின் தகுதி ஓட்டம் ஒன்றில் அவர் வேகம் 190 மைலை எட்டியது. அஃதாவது மணிக்கு 306 கிலோமீட்டர்.

இவ்வேகத்தில் நல்ல வானிலை என்பது ஒன்று உண்டா? ஓர் இலைகூட அசையாத நாளை எண்ணிப் பார்க்கலாம். காற்று நிற்கிறது, ஆனால் ஓட்டுபவர் மணிக்கு 190 மைல் வேகத்தில் அக்காற்றினுள் பாய்கிறார். அவர் உடலுக்கு அது எதிர்வரும் 190 மைல் புயலே. மணிக்கு 157 மைலும் அதற்கு மேலும் வீசும் சூறாவளியை, வகைகளுள் மிகக் கொடியதான ஐந்தாம் வகையில் வானிலை அறிஞர் வைப்பர். எனவே, தெளிந்த வானத்தின் கீழும் அவர் தமக்கென ஒரு பெரும்புயலைத் தாமே உண்டாக்கிக்கொண்டு அதனுள் செல்கிறார். அதற்காகவே மன்றோ மீன் வடிவான கூடு ஒன்றைத் தம் வண்டிக்கு அமைத்து, அதனுள் குப்புறப் படுத்தவாறு ஓட்டினார்.

1967-இல் ஓர் ஓட்டத்தின்போது, பாதையில் பாதியைக் கடந்தபின் வண்டி இப்புறமும் அப்புறமும் ஆடத் தொடங்கியது. தடையை அழுத்துவது அவ்வேளையில் உதவாது. வேகத்தைக் குறைக்க அவருக்கு ஒரே வழியே இருந்தது. கூட்டினுள் படுத்திருந்தவர் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். தம் மார்பையே பாய்மரமாக்கிக் காற்றை ஏற்றார் எனலாம். காற்று அவருடைய கண் காப்பைப் பறித்தெறிந்தது. கண்விழிகளை உள்ளே அழுத்தியது. அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. வழிகாட்டும் கறுப்புக் கோட்டை விட்டு வண்டி நெடுந்தூரம் விலகி, அங்கு நட்டிருந்த இரும்புக் கம்பம் ஒன்றைச் சில அங்குல இடைவெளியில் தப்பிச் சென்றது. இறுதியில் அவர் வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்கவைத்து நிறுத்தினார். சில சிராய்ப்புகளே அவருக்கு நேர்ந்தன. இரும்புக் கம்பம் சில அங்குலம் தள்ளி நடப்பட்டிருந்தால் இவ்வரலாறு வேறு விதமாக முடிந்திருக்கும். கம்பத்தைத் தவிர்த்தது அவருடைய திறமை அன்று. கண் தெரியாதவருக்கு அங்குத் திறமை ஏது?

வீசும் காற்று வேறு. அதற்குக் கணக்கு ஒன்று உண்டு. காற்றின் தடை, வேகத்தின் இருமடிக்கு ஏற்பப் பெருகுவது. 130 மைல் வேகத்தில் செல்பவருக்கு எதிரே 20 மைல் காற்று வீசினால், அவர் உணரும் தடை மூன்றில் ஒரு பங்கு கூடுகிறது. அதே காற்று முதுகில் வீசினால், தடை நான்கில் ஒரு பங்கிற்கும் மேலாகக் குறைகிறது. ஆகவே, ஒரு திசையில் மட்டும் ஓடிக் காட்டிய வேகத்தைச் சாதனையாக ஏற்பதில்லை. குறித்த நேரத்திற்குள் மறுதிசையிலும் ஓட வேண்டும். இரண்டின் சராசரியே பதிவாகும். பக்கவாட்டில் வீசும் காற்றிற்கு இவ்வகை ஈடு எதுவும் இல்லை. அது போகும்போதும் தள்ளும், வரும்போதும் தள்ளும். கூடு பொருத்திய வண்டியின் அகன்ற பக்கம் அதற்குப் பாயாக விரிந்திருக்கிறது. எதிர்க்காற்று நொடிகளையே பறிக்கும். பக்கக் காற்று ஆளையே வீழ்த்தும். அதனால், காற்றைக் காட்டும் துணிக்கொடி பக்கவாட்டில் விறைத்து நின்றால் அன்றைய ஓட்டத்தை ஒத்திவைப்பர்.

சராசரி கணக்கிடுவது எளிய செயலே. ஆயினும் அதிலும் பிழை நேர்ந்தது. 1967-ஆம் ஆண்டுச் சாதனையைக் கணக்கிட்டதில் தவறு இருப்பதை மன்றோவின் மகன் கண்டறிந்து தெரிவிக்க, அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கத்தார் 2014-இல் அதனைத் திருத்தி, 184.087 மைல் என அறிவித்தனர். மன்றோ 1978-இல், தம் 78-ஆம் வயதில், காலமாகிவிட்டார். ஏறக்குறைய அரை மைல் வேகம் அவர் இறந்து 36 ஆண்டுகளுக்குப் பின் அவர் கணக்கில் சேர்ந்தது.

அவருடைய வண்டி இன்வர்கார்கிலில் இரும்புச் சாமான்கள் விற்கும் கடை ஒன்றில் வைக்கப்பட்டுள்ளது. ஆணியும் சுத்தியலும் வாங்க வருவோர் அதனைக் கண்டு செல்கின்றனர். 2006-இல் அவ்வூர்ப் பகுதியில் அவர் பெயரால் மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் தொடங்கின. மலையேற்ற ஓட்டம், விரைவோட்டம் முதலியவற்றுடன் ஒரெட்டிக் கடற்கரை ஓட்டமும் அவற்றுள் ஒன்றாயிற்று. வெவ்வேறு தொழில் புரிவோர் தத்தம் வண்டிகளுடன் அங்கு வந்து கூடுகின்றனர். ஓதம் வற்றி, மணல் இறுகும் வரையில் கரையில் காத்திருக்கின்றனர்.